இன்னும் ரெண்டு கோட்டுதான் பாக்கி

துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுத்த ரசீதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கடையின் லைசென்ஸ் எண், என் லைசென்ஸ் எண், துப்பாக்கியின் எண், '12 போர், டபுள் பேரல், இங்கிலீஷ்' என்று நீல மையில் சாய்ந்த எழுத்து, முன்பணம் ரூ. 5,000. பெற்றுக்கொண்ட நாள் 21-08-2023. அதற்குக் கீழே 'திரும்பத் தரும் நாள்' என்று அச்சடித்த இடத்தில் மட்டும் கடைப் பெரியவர் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். "ஒரு மாசம்னு வெச்சுக்கங்க தம்பி. ஆனதும் நானே போன் போடறேன்" என்றார். நானும் கோட்டைக் கவனிக்காமல் பேச்சைக் கேட்டுக்கொண்டு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

துப்பாக்கி வீடு வந்து சேர்ந்தது 2025 பிப்ரவரி 3. பதினேழரை மாதம். இடையில் அவர் ஒரு தடவைகூடப் போன் போடவில்லை. நான் போட்டதற்குக் கணக்கில்லை.

கடையின் பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் வந்து, அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் இது புகார்க் கடிதமாகிவிடும். நான் சொல்ல வந்ததில் புகார் பாதிதான்.

துப்பாக்கி தாத்தாவுடையது. தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம், மர பீரோ, கிராமபோன் இன்ன பிறவற்றோடு சேர்த்து விலை பேசி வாங்கியது. பர்மிங்காமில் செய்தது. குழல்களைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பினால் கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்று ஒரு முத்திரை தெரியும். அந்த ஊர்ச் சோதனைச் சாலை 1954க்குப் பிறகு அடிக்கத் தொடங்கிய முத்திரை. பக்கத்திலேயே .729, 2½ அங்குலம், 3 டன் என்று பொடி எழுத்துகள். குழலின் உள்விட்டம், தோட்டா உட்காரும் அறையின் நீளம், சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் அழுத்தம் என்ற கணக்கு. சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தாத்தா ஏதோ வரவு செலவு எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் துப்பாக்கி வானத்தை மட்டும்தான் சுட்டிருக்கிறது. பலா பழுக்கும் நாட்களில் காட்டெருமை இறங்கும், பன்றி வரும், குரங்குகளுக்குக் காலமே கிடையாது. அப்போது மேலே பார்த்து ஒரு வேட்டு. வருஷத்துக்கு நாலு தோட்டா செலவானால் அதிகம். இப்படிப்பட்ட துப்பாக்கிக்கா இத்தனை அலைச்சல் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அப்பாவுக்கு எழுபது தாண்டியபின், 2016ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸை என் பெயருக்கு வாங்க நான் ஏறி இறங்கிய படிகளை அவளும் பார்த்திருக்கிறாள். துப்பாக்கி இல்லாத லைசென்ஸ், மாடு இல்லாத கயிறு. அதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "மாடாவது பால் கறக்கும்" என்றாள்.

ஒடுக்கு விழுந்தது என் கையால்தான். ஜீப்பின் பின்கதவைச் சாத்தும்போது உறை சரிந்ததைக் கவனிக்கவில்லை. இடது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். பித்தளைக் குடத்தில் விழுந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் குழலின் சுவர் அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளியே பள்ளம் என்றால் உள்ளே மேடு. சுடும்போது ரவைகள் அந்த மேட்டில் மோதி உரசிக்கொண்டுதான் போகும். அப்படியே வைத்துச் சுட்டுக்கொண்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், "குழலை மட்டும் கழட்டி நல்ல ஆளுக்குப் பார்சல் அனுப்பிடேன்" என்றான். அங்கே அப்படிச் செய்யலாம். அந்த நாட்டுச் சட்டத்துக்கு விசைப்பகுதி இருக்கும் பாடிதான் துப்பாக்கி, குழல் வெறும் இரும்பு. நம் ஆயுதச் சட்டத்தில் உறுப்புகளும் ஆயுதம்தான். லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, நேரில் போய், லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்து, ரசீது வாங்கி வர வேண்டும். அப்படிப்பட்ட கடையில் குழல் வேலை தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கும் இடம், நானும் நாலு தோட்டக்காரர்களிடம் விசாரித்ததில், எங்கள் பக்கத்தில் இது ஒன்றுதான் என்று ஆனது.

கடையின் முன்பக்கம் மகனுடையது. கண்ணாடி அலமாரி, தோட்டா கணக்குப் புத்தகம், கல்லா. பின்பக்கம் அப்பாவுடையது. ஒரு பட்டறை மேசை, வைஸ், சுவரில் வரிசையாக அரங்கள், ஜன்னல் வெளிச்சம். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒடுக்கைப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. குழல்களைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு செப்புக் கம்பியை மாட்டித் தொங்கவிட்டார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

"கேட்டீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் வேறு யாருடைய குழலையோ எடுத்து வந்து அதே மாதிரி தொங்கவிட்டுத் தட்டினார். கோயில் கைமணியை மெல்லத் தொட்ட மாதிரி ஒரு ஓசை. அது அடங்க நாலைந்து விநாடி ஆனது. "அது சத்தம். உங்களுது சத்தமா? பட்டி விட்டிருக்கு."

இரண்டு குழல்களுக்கும் நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நீளமாக ஓடும் பட்டிகள்தான் இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. ரிப் என்பார்கள். பெரும்பாலும் ஈயப்பற்றுதான். எங்காவது ஒரு சாண் தூரத்துக்குப் பற்று விட்டுப்போனால் போதும், ஈரம் உள்ளே போய் வெளியே தெரியாமல் துரு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும். ஒடுக்கு எடுக்க வந்தவனுக்கு மூன்று வேலை ஆனது: ஒடுக்கு, பட்டியைக் கழற்றித் திரும்பப் பற்றவைப்பது, கடைசியில் குழலுக்குக் கருநீலம் ஏற்றுவது. மொத்தம் 12,000 என்றார். சரி என்றேன்.

செப்டம்பர் முடிந்தது. போன் வரவில்லை. நான் போட்டேன். மகன் எடுத்தார். "அப்பா சாப்பிடப் போயிருக்காருங்க." காலை பத்தரை மணி. மறுபடி அடுத்த வாரம். "பேங்க் துப்பாக்கி நாலு வந்திருச்சுங்க, அது முடிஞ்சதும் உங்களுதுதான்." இது பொய்யில்லை என்று பிறகு தெரிந்தது. வங்கி வாசலிலும் பணம் ஏற்றும் வண்டியிலும் காவலர்கள் வைத்திருக்கிறார்களே 12 போர், அவைதான் இன்றைக்கு இந்தக் கடைகளுக்குச் சோறு போடுபவை. காவலர் துப்பாக்கி பழுதென்றால் அன்றைக்கே சரியாக வேண்டும். வருஷத்துக்கு நாலு தோட்டா சுடுகிறவன் வரிசையில் எங்கே நிற்பான்?

தீபாவளிக்குச் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இந்த மொழி பழக்கம்தான். "காஜா மட்டும்தான் சார் பாக்கி" என்று டெய்லர் சொன்னால் துணியில் இன்னும் கத்திரி படவில்லை என்று அர்த்தம். நகைத் தட்டார் "பாலீஷ்தான் போடணும்" என்பதும் அதே ரகம். பெரியவருடைய காஜா, 'கோட்டு'. கருநீலம் ஏற்றும்போது தடவுகிற ஒவ்வொரு பூச்சும் ஒரு கோட்டு. அக்டோபரில் முதல்முறையாக அவரே போனுக்கு வந்தார். "இன்னும் ரெண்டு கோட்டுதான் பாக்கி தம்பி" என்றார். நான் நம்பினேன். உண்மையில் அன்றைக்குப் பட்டியே கழற்றப்படவில்லை.

அக்டோபர் 23 ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அரிவாள், கவாத்துக் கத்தி, மருந்து அடிக்கும் பம்பு, ஜீப் எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் பொட்டு துப்பாக்கிக்குத்தான். அந்த வருஷம் அப்பா காலிப் பெட்டியைத் திறந்து வைத்து, குழல் படுத்திருக்கும் பள்ளத்துக்குச் சந்தனம் வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் நேரில் போனேன். கால் கிலோ மிளகு, அரைக் கிலோ காப்பித்தூள். போனில் கேட்டால் கடன்காரன், நேரில் போனால் விருந்தாளி. பெரியவர் டீ வரவழைத்தார். ஒடுக்கு எடுத்தாகிவிட்டது. அதைக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என் கோபம் பாதி இறங்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குழலின் உள்விட்டத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும்படி ஒரு பித்தளைத் தக்கை கடைந்திருந்தார். ஒரு பக்கம் லேசாகச் சரிவு. அதை உள்ளே செலுத்தி ஒடுக்கின் அடியில் கொண்டுவந்து நிறுத்தி, வெளியே இருந்து சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி, பள்ளத்தை மேலே ஏற்றியிருக்கிறார். குழலை ஜன்னலுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாக விழுந்தது. பழைய ஒடுக்கு இருந்த இடத்தில் ஒரு வளையமும் நெளியவில்லை.

"உள்ளாற அரைச்சு மேட்டைச் சமமாக்கிக் குடுக்கறவனும் இருக்கான். ஒரு மணி நேர வேலை" என்றார். அப்படி அரைத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பொடி எழுத்துகளே சொல்கின்றன. .729 என்று அடித்த குழல் தேய்ந்தோ அரைபட்டோ .740 ஆகிவிட்டால் அந்தச் சோதனை முத்திரை செல்லாது. மெலிந்த சுவர் இன்னும் மெலியும், அவ்வளவுதான். தோட்டாவைப் போட்டுக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு நிற்கப்போவது நான்.

அன்றைக்கே பட்டியையும் கழற்றிவிட்டார், என் கண்முன்னால். சூடு காட்டியதும் ஈயம் பளபளவென்று இளகியது. இருநூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் பற்று அது. ஒரு சாண் என்று நினைத்தது முக்கால் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. அடியில் செம்மண் மாதிரி துரு. பார்த்ததும் நல்ல வேளை என்றுதான் தோன்றியது. பஸ் ஏறிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. காலையில் கடைக்குள் போகும்போது அது துப்பாக்கி. இப்போது அது இரண்டு குழாயும் இரண்டு பட்டியும். இனி அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வேறு யாரிடமும் போக முடியாது. பல் டாக்டர் பாதியில் தோண்டி நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னால் எப்படியோ, அப்படி.

டிசம்பர் போனது. பொங்கல் போனது. எழுத ஒன்றுமில்லை. "ரெண்டு கோட்டு."

மார்ச் 16, 2024 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்குத் தேர்தல் என்றால் முதலில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். ஆயுதத்தைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஸ்டேஷனில் அல்லது லைசென்ஸ் உள்ள கடையில். எனக்கும் வந்தது. "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன் சார்" என்றேன். "எப்பக் கொடுத்தீங்க?" "போன ஆகஸ்ட்டில்." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையிலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார் ஏட்டு.

அந்தக் கடிதம் மட்டும் ஒரே நாளில் கிடைத்தது. மகன் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து, முத்திரை குத்தி வாட்ஸாப்பில் அனுப்பி, அசலைக் கூரியரிலும் போட்டார். அடுத்த வாரம் நானே போனபோது காரணம் புரிந்தது. பட்டறை இருந்த பின்பக்கம் முழுவதும் துப்பாக்கி. சுவரோரம், மேசைமேல், மேசைக்கு அடியில் எல்லாம் கழுத்தில் அட்டை கட்டிக்கொண்டு நின்றன. மாவட்டம் முழுவதும் ஒப்படைத்தவை. ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் வரி, ஒவ்வொன்றுக்கும் வாடகை. பெரியவர் நாற்காலியை முன்பக்கம் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். வைஸ்மேல் துணி மூடியிருந்தது. ஜூன் 4 வாக்கு எண்ணி முடித்து, நடத்தை விதி விலகி, எல்லாரும் வந்து எடுத்துப் போகும்வரை அங்கே ஒரு அரமும் அசையவில்லை. இந்த மூன்று மாதத்தை அவர் கணக்கில் நான் எழுதவில்லை.

மே மாதம் ஒரு சாக்கு வந்தது. "காத்துல ஈரமே இல்ல தம்பி. கோட்டு ஏறாது." இதே வாயால்தான் போன நவம்பரில், "மழைக்காலம், ஈரம் ஜாஸ்தி, கட்டுக்கடங்காம துரு ஏறுது" என்றார். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன், நேரில் பார்த்தால் கேட்க. சேர்வராயன் மலையில் ஈரத்துக்கா பஞ்சம், கொண்டுபோய் எங்கள் ஸ்டோர் ரூமில் வையுங்கள், செருப்பே பூஞ்சை பிடிக்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலையில் பொறுமை போயிற்று. வேறு ஒரு பெரிய ஊரில் ஒரு கடையை நண்பர் சொன்னார். போனில் விசாரித்தேன். "பட்டியை ஒட்டிட்டுக் கொண்டாங்க சார், டேங்க்ல போட்டு மூணே நாள்ல கறுப்பாக்கித் தர்றோம்." மூணே நாள்! அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெரியவர் கடைக்குப் போனேன். சத்தம் போட்டேன் என்றே சொல்லலாம். முடியாதென்றால் முடியாதென்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா, பதினொரு மாசம் ஆச்சு என்றேன்.

அவர் பட்டறைத் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "முடியாதுன்னு சொன்னா நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்கல்ல தம்பி" என்றார்.

அதற்கு நான் தயாராக வரவில்லை. சண்டைக்கு வந்தவனிடம் எதிராளி ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டால் கை எங்கே போவது என்று தெரியாது. டேங்க் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. காஸ்டிக் சோடாவும் உப்பும் கலந்து 140 டிகிரிக்குக் கொதிக்கும் தொட்டி அது. ஒற்றைக்குழலுக்குப் பிரமாதமாக வரும். ஈயப்பற்று வைத்த இரட்டைக்குழலை அதில் முக்கினால் காஸ்டிக் ஈயத்தைத் தின்னும். பட்டிக்கு அடியில் புகுந்த உப்பு அங்கேயே தங்கி, வெளியே கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அரிக்கும். "ஆறு மாசத்துல பட்டி ஓரத்துல வெள்ளையாக் கசியும். அப்பவும் என்கிட்டதான் வருவீங்க. அப்ப நான் இருக்கணும்" என்றார்.

மூன்று நாள் கடைக்கு நான் போகவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். ரசீதின் பின்பக்கத்தில் என்னென்ன வேலை முடிந்தது, என்னென்ன பாக்கி என்று அவரையே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். தேதி கேட்கவில்லை. தேதி கேட்டால் பொய் வருகிறது, வேலை கேட்டால் உண்மை வருகிறது என்று அதற்குள் எனக்குப் பிடிபட்டிருந்தது. "எப்போ ஆகும்?" என்ற கேள்வியை அத்தோடு விட்டுவிட்டேன். "இப்போ எந்த நிலையில இருக்கு? ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்பதுதான் அதன்பின் என் கேள்வி. மகன் படம் அனுப்புவார். படத்தில் இருப்பது இரண்டு தனிக் குழாயா, சேர்ந்த குழலா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே படத்தை இரண்டு தடவை அனுப்பினார் ஒருமுறை. பின்னால் இருந்த காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன்.

செப்டம்பரில் மகன்தான் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அப்பாவுக்கு ஒரு வருஷமாகவே கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாமல் இழுத்தடித்து, இப்போதுதான் இரண்டு கண்ணும் முடிந்திருக்கிறது. பட்டியை ஒட்டும் கோடு தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாருங்க. கண்ணு தெரியாதவன்கிட்ட யார் துப்பாக்கி குடுப்பா?"

மனசு கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேர்தலுக்கு மூன்று மாதம், கண்ணுக்கு ஒரு ஐந்து மாதம் என்று தாராளமாகவே கழித்தாலும், ஒரு நாலைந்து மாதம் வெறுமனே போயிருக்கிறது. அதற்குக் கண்ணும் காரணமில்லை, காற்றும் காரணமில்லை. அந்த நாலைந்து மாதத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

2024 அக்டோபர் 11, இரண்டாவது ஆயுத பூஜை. மறுபடி காலிப் பெட்டி. அதற்கு அடுத்த வாரம் ஒரு போட்டோ வந்தது: சேர்ந்த குழல், கம்பியால் சுற்றிக் கட்டி, இடுக்கு இடுக்காக ஆப்பு வைத்து. பற்றவைத்தாகிவிட்டது. "ஐயா கோட்டு ஆரம்பிக்கிறப்போ நான் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். வேவு பார்க்கத்தான் கேட்டேன். அவர் ஆசையாகப் பார்க்க வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு, "வாங்க வாங்க" என்றார்.

போக நினைத்த வாரத்தில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பேய்மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்தத் தாமதம் என்னுடையது. போனில் நான் "ரோடு இல்லீங்க ஐயா" என்றபோது அவர், "பரவால்ல தம்பி, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜனவரி மூன்றாவது வாரம் போனேன். இதுவரை நான் 'கோட்டு' என்றால் பெயின்ட் மாதிரி ஏதோ என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே நடந்தது வேறு. குழலுக்குத் துரு பிடிக்கவைக்கிறார்கள். வேண்டுமென்றே.

குழலின் நாலு வாயிலும் மரத்தக்கை அடித்திருந்தார். உள்ளே எதுவும் போகக்கூடாது, தூக்கவும் அதுதான் கைப்பிடி. முதல் நாள் மாலை அமிலக் கரைசலை ஒரு துணியில் தொட்டு, பிழிந்து, மெல்லிசாக ஒரே இழுப்பில் தடவி, ஈரத்துணி தொங்கவிட்ட மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். காலையில் பெட்டியைத் திறந்தபோது குழல் முழுக்கச் செங்கல் நிறத்தில் மெல்லிய துரு, பூனை முடி மாதிரி. நான் தொடப் போனேன். "கை!" என்றார். பதினேழு மாதத்தில் அவர் என்னை அதட்டியது அது ஒன்றுதான். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் அடுத்த கோட்டு பிடிக்காது, ஆயுசுக்கும் கைரேகை நிற்கும்.

நீளமான தகரத் தொட்டி, அடியில் இரண்டு கேஸ் அடுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "மழைத்தண்ணி. போர் தண்ணி ஆகாது, உப்பு புள்ளி புள்ளியா நின்னுரும்." தக்கையைப் பிடித்துக் குழலை உள்ளே இறக்கினார். சிவப்பு மெல்ல மங்கியது, பழுப்பானது, பத்து நிமிஷத்துக்குள் கறுத்தது. சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்புத் துருவாக மாறுகிறது. அந்தக் கறுப்பு இரும்பைத் தின்னாது, காக்கும். வெளியே எடுத்து, சூடு ஆறியதும், முடி மாதிரி மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கரி மாதிரி உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம். அவ்வளவுதான். ஒரு நாள் வேலைக்கு ஒரு சாம்பல் நிறம். "இது நாலாவது. ஒம்பது வேணும்" என்றார்.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தேன். ஈரம் இல்லை, ஈரம் ஜாஸ்தி. வாசித்துக் காட்டினேன். அவர் பெட்டிக்குள் தொங்கிய ஈரத்துணியைக் காட்டினார். வெயில் காலத்தில் துணியை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டும், விட்டால் துரு இரும்பில் குழி பறித்துவிடும். இரண்டும் நிஜம்தான். இரண்டுக்கும் வழியும் இருக்கிறது. "அப்ப ஏன் செய்யல?" என்றேன். "செஞ்சிருக்கலாம்" என்றார், பிரஷ்ஷை நிறுத்தாமல்.

பிப்ரவரி 3ஆம் தேதி எடுக்கப் போனபோது குழல்கள் அதே செப்புக் கம்பியில் தொங்கின. என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அந்த ஓசை முன்பக்கம் கல்லாவரை போயிருக்க வேண்டும். மகன் எட்டிப் பார்த்தார். நிறம் கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. மழை வருவதற்கு முன் மலைமேல் கவிகிற நிறம். மீதி 7,000 கொடுத்தேன். 10,000 மொத்தம் போதும் என்று 2,000த்தைத் திருப்பித் தந்தார், காரணம் சொல்லவில்லை. நானும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். பழைய ரசீதைக் கேட்டு வாங்கி, 'திரும்பத் தரும் நாள்' என்ற இடத்தில் கோட்டின் மேலேயே 03-02-2025 என்று எழுதினார். பிற்காலத்தில் யாராவது பார்த்தால் சொன்ன தேதிக்குக் கொடுத்த மாதிரியே இருக்கும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். அறை 2½ அங்குலம், இப்போது வரும் தோட்டாக்களில் நிறைய 70 மில்லிமீட்டர், அதைப் போடக்கூடாது. உள்ளே நுழையும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் மடித்த வாய் சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். "65தான் கேட்டு வாங்குங்க."

வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. அப்பா கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். குழலைத் துணியால் பிடித்து, விளக்குக்கு நேரே நீட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அடுத்த குழல். விரல் முட்டியால் ஒரு தட்டு. கேட்டுக்கொண்டே இருந்தார், ஓசை முழுக்க அடங்கும்வரை. துப்பாக்கியைப் பூட்டினார், தோளில் வைத்தார், இறக்கினார். பின்கட்டையைத் திருப்பி விளக்குப் பக்கம் சாய்த்தார்.

"கட்டையில இங்க ஒரு வெடிப்பு ஓடுதே. இதை அவர்கிட்டயே காட்டியிருக்கலாம்ல?"

"சாப்பிட வாங்கப்பா" என்றேன்.